மூணு வாரம் ‘எல்லாம் சரி’ என்று சொன்ன புரோகிராம்

இன்னிக்கு கொஞ்சம் சி புரோகிராமிங் பக்கம் போகலாம். பஸ்ஸில், நடைப்பயிற்சியில் கேட்கிறவங்க பயப்பட வேண்டாம், கோட் வரிகளை வாசிக்கப் போறதில்லை. ஒரு சர்வரோட பெயரைக் கொடுத்து அதோட முகவரியை வாங்குறது எப்படி, அதில் நான் எங்கே விழுந்தேன், அவ்வளவுதான்.

முதல் வேலையில் சேர்ந்து நாலு மாசம் இருக்கும். ஆபீஸில் ரெண்டு சர்வர். ஒன்று மெயின், இன்னொன்று பேக்கப். தினமும் ராத்திரி மெயினில் இருக்கிற ஃபைல்கள் பேக்கப்புக்குக் காப்பி ஆகும். ஒழுங்கா காப்பி ஆச்சான்னு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சின்ன புரோகிராம் எழுதச் சொன்னாங்க. மெயினோட பெயரைக் கொடுத்து முகவரி வாங்கினேன். பேக்கப்போட பெயரைக் கொடுத்து முகவரி வாங்கினேன். ரெண்டுக்கும் கனெக்ட் பண்ணி ஃபைல்களை ஒப்பிட்டேன். காலையில் ரிப்போர்ட்: எல்லாம் சரி. மறுநாளும் அதேதான். மூணு வாரமும் அதேதான்.

அப்புறம் ஒரு நாள் மெயின் சர்வரோட டிஸ்க் போச்சு. பேக்கப்பைத் திறந்து பார்த்தா கடைசி மூணு வாரத்து ஃபைல் ஒன்றுகூட இல்லை. காப்பி ஆகுற வேலையே எப்பவோ நின்னு போயிருந்தது. கணக்குப் பிரிவு அக்கா பேப்பர் பில்களை அடுக்கி வெச்சு, மூணு வாரத்து என்ட்ரியை மறுபடியும் போட்டாங்க. என்னை ஒரு வார்த்தை திட்டல. இன்னிக்கும் உறுத்துறது அதுதான்.

கரும்பலகையும் துண்டுச்சீட்டும்

நான் பயன்படுத்தினது கெட்ஹோஸ்ட்பைநேம் என்கிற ஃபங்ஷன். பெயரைக் கொடுத்தா ஒரு பாயின்டர் திருப்பித் தரும். அந்தப் பாயின்டர் காட்டுற இடம் நமக்குன்னு ஒதுக்கின இடம் இல்லை, லைப்ரரிக்குள்ளே இருக்கிற ஒரு பொது இடம்.

மெஸ் வாசலில் ‘இன்றைய ஸ்பெஷல்’ எழுதுற கரும்பலகையை நினைச்சுக்கோங்க. நீங்க கேட்டா பதிலைத் துண்டுச்சீட்டில் எழுதித் தர மாட்டாங்க. “பலகையைப் பாருங்க” என்பாங்க. அடுத்த கேள்வி கேட்டதும் பழசை அழிச்சுட்டு அதே பலகையில் புதுசை எழுதுவாங்க. நான் மெயினுக்குக் கேட்டேன், பலகையைக் காட்டினாங்க. பேக்கப்புக்குக் கேட்டேன், அதே பலகையைக் காட்டினாங்க. என் கையில் ரெண்டு பாயின்டர் இருந்தது, ரெண்டும் காட்டினது பேக்கப்போட முகவரியைத்தான். என் புரோகிராம் மூணு வாரமா பேக்கப்பை பேக்கப்போடவே ஒப்பிட்டுக்கிட்டு இருந்தது! பொருந்தாம எப்படிப் போகும்?

கம்பைலர் ஒரு வார்னிங்கூட கொடுக்கல. மேனுவலில் மட்டும் தெளிவா எழுதியிருக்கு, அடுத்த அழைப்பு இந்த இடத்தை அழிச்சு எழுதலாம்னு. நான் படிக்கல.

ஒரு பெயர், பல முகவரி

இந்த ஃபங்ஷன் ஏன் இப்படி இருக்குன்னு பார்த்தா, அது பிறந்த காலம் அப்படி. ஆர்பாநெட் நாட்களில் எல்லாக் கணினிப் பெயர்களும் ஒரே ஒரு ஃபைலில் இருந்தது. கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனம் அதைப் பராமரிச்சது, மற்றவங்க அங்கிருந்து இறக்கிக்குவாங்க. 1983-ல்தான் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் என்கிற பரவலான பெயர் அமைப்பை முன்வைச்சார். அதே வருஷம் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் கெட்ஹோஸ்ட்பைநேம் தந்த பதிலில் ஒரே ஒரு முகவரிக்குத்தான் இடம். அடுத்த 4.3 பதிப்பில் அதைப் பட்டியலா மாத்தினாங்க. ஆனா பழைய கோட் உடையக் கூடாதுன்னு, பட்டியலின் முதல் முகவரிக்கு மட்டும் பழைய பெயரையே விட்டு வெச்சாங்க. அந்தப் பழைய பெயரைப் பயன்படுத்துற எல்லாருமே, தெரியாமலே, மீதி முகவரிகளைத் தூக்கி எறியுறாங்க.

உங்க போனில் ‘அம்மா’ன்னு ஒரு கான்டாக்டில் ரெண்டு நம்பர் இருக்கும். முதல் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்னா “அம்மா கிடைக்கல”ன்னு விட்டுடுவீங்களா? அடுத்த நம்பரைப் போடுவீங்க. சர்வர் பெயரும் அப்படித்தான். ஒரே பெயருக்கு நாலு ஐபிவி4 முகவரியும் ரெண்டு ஐபிவி6 முகவரியும் இருக்கலாம். பழைய ஃபங்ஷன் நடைமுறையில் ஐபிவி4-ஐ மட்டும்தான் தேடும். ஜியோ மாதிரி மொபைல் நெட்வொர்க்குகள் ஐபிவி6-ஐப் பெரிய அளவில் பயன்படுத்துற நாட்டில் இருந்துக்கிட்டு அதைக் கண்டுக்காம விட முடியாது. 2008 பாசிக்ஸ் தரத்திலிருந்து அந்த ஃபங்ஷனையே நீக்கிட்டாங்க.

கெட்அட்ர்இன்ஃபோ எப்படி வேலை செய்யுது

இதுக்கு நாலு விஷயம் கொடுக்கணும்: பெயர், போர்ட் அல்லது சர்வீஸ், நம்ம எதிர்பார்ப்பைச் சொல்ற ‘ஹின்ட்ஸ்’, பதில் வந்து சேர ஒரு பாயின்டர். பதிலா வர்றது ஒரு லிங்க்ட் லிஸ்ட். கரும்பலகை இல்லை, உங்களுக்குன்னே எழுதின துண்டுச்சீட்டு. ஒவ்வொரு அழைப்புக்கும் தனிச்சீட்டு.

ஆனா இதிலும் கால் வழுக்குற இடங்கள் உண்டு. முதலில், ஹின்ட்ஸ் ஸ்ட்ரக்சரைப் பூஜ்யமாக்கிட்டு ஆரம்பிங்க. உள்ளே குப்பை இருந்தா எதிர்பாராத எரர் வரும். சாக்கெட் வகையைச் சொல்லுங்க, சொல்லாட்டி லினக்ஸில் ஒரே முகவரி மூணு தடவை வந்து நிக்கும். குடும்பத்தை ‘எதுவானாலும் சரி’ன்னு விட்டா ஐபிவி4, ஐபிவி6 ரெண்டும் வரும்.

அடுத்தது, பட்டியலை வரிசையா சுத்துங்க. சாக்கெட் திற, கனெக்ட் பண்ணு, தோத்தா மூடிட்டு அடுத்த முகவரி. முடிஞ்சதும் ஃப்ரீஅட்ர்இன்ஃபோ கூப்பிட்டு பட்டியலை விடுவிக்கணும். அதுக்குப் பட்டியலின் தலைப் பாயின்டர் வேணும், அதனால சுத்துறதுக்கு வேற பாயின்டர் வெச்சுக்கோங்க.

எரர் வந்தா வழக்கமான எர்னோவைப் பார்க்காதீங்க. திரும்பி வர்ற எண்ணை காய்ஸ்ட்ர்எரர் ஃபங்ஷனிடம் கொடுத்தா காரணம் சொல்லும். ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ வேற, ‘இப்போதைக்கு முடியல, அப்புறம் கேளு’ வேற. ரெண்டாவதுக்குக் கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி முயற்சி பண்ணலாம்.

இன்னொன்று, இது நேரா டிஎன்எஸ்ஸுக்குப் போறதில்லை. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் முதலில் உள்ளூர் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்கும். “டிக் கமாண்டில் ஒரு முகவரி, என் புரோகிராமில் வேற முகவரி”ன்னு குழம்புறவங்க முதலில் அந்த ஃபைலைத் திறங்க. டிஎன்எஸ் சர்வர் பதில் சொல்லலைன்னா லினக்ஸின் ஜிலிப்சி வழக்கமா ஐந்து நொடி காத்திருந்து, ரெண்டு தடவை முயற்சி பண்ணும். அதுவரை உங்க த்ரெட் அப்படியே நிக்கும். திரையில் பட்டன் இருக்கிற புரோகிராம்னா இந்த வேலையைத் தனி த்ரெட்டுக்கு அனுப்புங்க.

அந்த ஒப்பீட்டு புரோகிராமைத் திரும்ப எழுதினப்போ ஃபங்ஷனை மாத்தினதோட நிறுத்தல. கனெக்ட் ஆன ரெண்டு முகவரியையும் ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே அச்சிட வெச்சேன். ரெண்டும் ஒன்னா இருந்தா ஒப்பிடாம நின்னுடும். அந்த ஒரு வரி முன்னாடியே இருந்திருந்தா, முதல் நாள் காலையிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

உங்க பழைய புராஜெக்ட் ஃபோல்டரில் கெட்ஹோஸ்ட்பைநேம்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. கிடைச்சா, அந்தப் பாயின்டர் எந்தப் பலகையைக் காட்டுதுன்னு யோசிங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.