பாவமன்னிப்பு (கிறித்தவம்)

பாவமன்னிப்பு என்பது, மனிதர் செய்த பாவத்தால் முறிந்துபோன உறவைக் கடவுளே மீண்டும் சேர்த்துக்கொள்வதைக் குறிக்கும் கிறித்தவ சமயக் கருத்தாகும். இயேசு சிலுவையில் இறந்ததன் வழியாகவே இது மனிதருக்குக் கிடைக்கிறது என்பது கிறித்தவர்களின் அடிப்படை நம்பிக்கை. அதை எவ்வாறு பெறுவது என்பதில் சபைகளிடையே வேறுபாடுகள் உண்டு.

கடனும் அடிமைத்தனமும்

புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் பாவத்தைக் குறிக்கும் 'ஹமார்த்தியா' என்ற சொல்லுக்குக் குறி தவறுதல் என்பது பழைய பொருள். விவிலியம் பாவத்தை விளக்க இரண்டு உவமைகளை அதிகம் கையாளுகிறது. ஒன்று கடன், மற்றது அடிமைத்தனம். திருப்பித் தர வழியில்லாத கடனைக் கொடுத்தவரே தள்ளுபடி செய்வது மன்னிப்பு. செய்யக்கூடாது என்று தெரிந்தும் அதையே மீண்டும் மீண்டும் செய்யவைக்கும் பிடியிலிருந்து வெளியே வருவது விடுதலை. முன்னது கடந்த காலத்தைப் பற்றியது. பின்னது இனி வாழப்போகும் வாழ்க்கையைப் பற்றியது. பலரும் இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்வதால்தான் குழப்பம் வருகிறது.

மன்னிப்பு அவ்வளவு எளிதா?

"செய்வதையெல்லாம் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் போதுமா?" என்பது மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். லூக்கா நற்செய்தியின் இரண்டு பகுதிகளைச் சேர்த்துப் படித்தால் விடை கிடைக்கும்.

15ஆம் அதிகாரத்தில் வரும் இளைய மகன் தன் பங்குச் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வருகிறான். தன்னைக் கூலியாளாகவாவது வைத்துக்கொள்ளும்படி கேட்க வேண்டும் என்று வழியிலேயே சொற்களைத் தயார் செய்கிறான். தந்தையோ தொலைவிலேயே அவனைக் கண்டு, ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். அவன் முழுவதும் பேசி முடிக்கக்கூட விடவில்லை. இங்கே மன்னிப்புக்கு விலை எதுவும் கேட்கப்படவில்லை.

19ஆம் அதிகாரத்தில் வரி வசூலிப்பவரான சக்கேயு வருகிறார். ஊரே வெறுத்த அவர் வீட்டில் இயேசு தாமே விரும்பிப் போய்த் தங்குகிறார். அதன் பிறகு சக்கேயு தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறார். வரிசையைக் கவனிக்க வேண்டும். திருப்பிக் கொடுத்ததால் இயேசு அவர் வீட்டுக்கு வரவில்லை. இயேசு வந்ததால் திருப்பிக் கொடுக்கிறார். ஆனால் திருப்பிக் கொடுக்காமலும் இருந்துவிடவில்லை.

மனந்திரும்புதல் பற்றி எரேமியா நூல் காட்டும் காட்சி விருத்தாசலம் போன்ற பீங்கான் தொழில் நடக்கும் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். 18ஆம் அதிகாரத்தில், குயவரின் சக்கரத்தில் கெட்டுப்போன ஈரமண் மீண்டும் வேறொரு கலமாக வனையப்படுகிறது. அடுத்த அதிகாரத்தில் உடைக்கப்படும் ஜாடியோ சுட்ட மண். அதை ஒட்டவைக்க முடியாது. சூளைக்குப் போகாத உடைசலைக் கரைத்து மறுபடி பயன்படுத்தலாம், சுட்டபின் முடியாது என்பது பீங்கான் வேலை செய்பவர் அனைவரும் அறிந்ததே.

தமிழகத்தில் பாவசங்கீர்த்தனம்

கத்தோலிக்கர் குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுகின்றனர். இது முன்பு பாவசங்கீர்த்தனம் எனப்பட்டது. இன்று ஒப்புரவு அருட்சாதனம் எனப்படுகிறது. ஆத்தும சோதனை, மனத்துயர், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, அறிக்கை, பரிகாரம் என ஐந்து படிகள் இதில் உண்டு. பிறர் பொருளை எடுத்தவர் அதைத் திருப்பித் தரவும் கடமைப்பட்டவர். கேட்டதை வெளியிடக் குருவுக்கு எந்தச் சூழ்நிலையிலும் உரிமை இல்லை.

தமிழ் அச்சின் தொடக்கத்திலேயே இதற்கு இடம் உண்டு. 1578இல் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. அதை வெளியிட்ட இயேசு சபைத் துறவி அன்றீக்கு அடிகளார் (என்றிக்கே என்றீக்கசு) 1580இல் 'கொம்பெசியோனாயரு' என்ற பாவ அறிக்கைக் கையேட்டையும் தமிழில் அச்சிட்டார். மனிதர் தம் குற்றத்தைத் தாய்மொழியில் அல்லாமல் எப்படிச் சொல்ல முடியும்?

விருத்தாசலம் அருகேயுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா ஆலயத்தைக் கட்டியவர் வீரமாமுனிவர் (1680–1747). விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் அம்மனுக்கும் பெரியநாயகி என்ற பெயர் உண்டு. குருக்கள் குறைவாக இருந்த அக்காலத்தில் ஊர்மக்களுக்கு மறைக்கல்வி அளித்த உபதேசியார்களுக்காக அவர் எழுதிய நூல் 'வேதியர் ஒழுக்கம்'.

சீர்திருத்த சபைகள்

மன்னிப்பைப் பணத்துக்கு விற்பதுபோல் நடந்த பலன்சீட்டு வியாபாரத்தை எதிர்த்து மார்ட்டின் லூதர் 1517இல் 95 கருத்துரைகளை வெளியிட்டார். கிறித்தவரின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது அவற்றுள் முதலாவதன் சாரம். இச்சபைகள் விசுவாசத்தால் மட்டுமே மன்னிப்பு என்று கற்பிக்கின்றன. அறிக்கை நேரடியாகக் கடவுளிடம் செய்யப்படுகிறது. ஜான் பனியன் 1678இல் எழுதிய கதையில், பயணியின் முதுகில் இருந்த பாவச்சுமை சிலுவையின் அருகே தானாகக் கழன்று விழுகிறது. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இக்கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) என்ற காப்பியத்தைப் படைத்தார். சுமை விழுந்த இடத்தில் பயணம் முடிந்துவிடவில்லை என்பதும் கவனத்துக்குரியது.

மன்னிப்பும் சட்டமும்

மன்னிப்புப் பெற்றவர் பிறரை மன்னிக்க வேண்டும் என்பது இயேசு கற்பித்த செபத்திலேயே உள்ளது. இதன் கடினத்தை அண்மைக் காலத்தில் இந்தியா கண்டது. ஒடிசாவில் தொழுநோயாளர்களிடையே பணியாற்றிய ஆஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெயின்ஸ், தம் மகன்கள் பிலிப் (10), திமோத்தி (6) ஆகியோருடன் 1999 ஜனவரியில் மனோகர்பூரில் வாகனத்தில் உறங்கியபோது எரித்துக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிப்பதாக அறிவித்தார். ஆனால் மன்னிப்பையும் குற்றத்தின் விளைவையும் ஒன்றாக்கக் கூடாது என்றும் அவர் தெளிவுபடுத்தினார். வழக்கு தன் வழியில் நடந்தது. முதன்மைக் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை உயர்நீதிமன்றம் 2005இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கணவரையும் மகன்களையும் இழந்த பின்னும் கிளாடிஸ் உடனே நாடு திரும்பவில்லை. பாரிபதாவில் இருந்த தொழுநோயாளர் இல்லப் பணியைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துவந்தார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.