விண்வெளி மாநாடுகளும் மண்ணுலக நலனும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

விண்வெளியில் எல்லைக் கல் இல்லை. தாழ்ந்த பாதையில் செல்லும் செயற்கைக்கோள் ஏறத்தாழ 90 நிமிடங்களில் பூமியை ஒருமுறை சுற்றிவிடுகிறது. அதற்குள் பல நாடுகளைக் கடந்துவிடுகிறது. ஆகவே அங்கு எழும் சிக்கலை எந்த நாடும் தனித்துத் தீர்க்க இயலாது. அதனாலன்றோ பன்னாட்டு மாநாடுகள் தேவைப்படுகின்றன!

இவற்றுள் தலையாயவை ஐக்கிய நாடுகள் சபை வியன்னா நகரில் கூட்டிய மூன்று மாநாடுகள். 1968-இல் நடந்த முதல் மாநாட்டின் அறிவியல் தலைவர் டாக்டர் விக்ரம் சாராபாய். 1982-இல் நடந்த இரண்டாம் மாநாட்டின் பொதுச்செயலாளர் பேராசிரியர் யஷ்பால். 1999-இல் நடந்த மூன்றாம் மாநாட்டின் தலைவர் பேராசிரியர் யு. ஆர். ராவ். மூவரும் இந்தியர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். இச்செய்தியை நான் சொன்னபோது என் தாயார், "அவ்வளவு தூரத்துல கூடிப் பேசினா நமக்கு என்னப்பா ஆகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி! விடை தேடினேன்.

1999 மாநாட்டையொட்டி ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் பிரான்சு நாட்டு விண்வெளி ஆய்வு மையமும் ஒரு பன்னாட்டுச் சாசனத்துக்கு வித்திட்டன. பெரும் பேரிடர் நேர்ந்தால் உறுப்பு நிறுவனங்கள் தம் செயற்கைக்கோள் படங்களைக் கட்டணமின்றி அளிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 2000 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. 2001-இல் நமது இஸ்ரோவும் சேர்ந்தது. பேரிடருக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டால், எந்த ஊர் மூழ்கியது, எந்தப் பாலம் உடைந்தது என்பது தெரியும். மேகம் மூடிய இரவிலும் ரேடார் படம் எடுக்கும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபோதும் இந்தச் சாசனம் கைகொடுத்தது. மாநாட்டில் பேசிய பேச்சு கடற்கரைக் குப்பம் வரை வந்து சேர்ந்தது எனலாம்.

ஆனால் எல்லாச் சிக்கலும் இவ்வாறு தீர்ந்துவிடவில்லை. 1978 ஜனவரியில் அணு உலை தாங்கிய சோவியத் செயற்கைக்கோள் காஸ்மோஸ் 954 கனடாவின் வடபகுதியில் சிதறி விழுந்து, கதிரியக்கத் துண்டுகளைப் பனிநிலத்தில் பரப்பியது. 2009 பிப்ரவரி 10-இல் சைபீரியாவுக்கு மேலே, சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில், செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோளும் அமெரிக்கச் செயற்கைக்கோளும் மோதி ஆயிரக்கணக்கான துண்டுகளாயின. அந்த உயரத்தில் காற்றின் தடை மிகக் குறைவு. ஆதலால் அத்துண்டுகள் பல பத்தாண்டுகள் சுற்றிக்கொண்டேயிருக்கும். ஒரு சிறு துண்டுகூட, அதன் வேகத்தால், செயற்கைக்கோளைத் துளைக்கவல்லது.

விண்குப்பையைக் குறைக்க ஐ.நா. 2007-இல் நெறிமுறைகளை ஏற்றது. எனினும் அவை விரும்பிப் பின்பற்ற வேண்டியவையே. மீறுவோர்க்குத் தண்டனை இல்லை. இங்கேதான் மாநாடுகளின் பணி மிச்சமிருக்கிறது.

ஊர்ப் பொதுக்கிணற்றைத் தூர்வார ஊரே கூட வேண்டும். வானமும் அத்தகைய பொதுச் சொத்தே. நாளை அம்மாநாட்டு மேடைகளில் ஏறவிருப்போர் இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுள் நம் கல்லூரியினரும் இருக்க வேண்டாமா? நண்பர்களே, சிந்திப்பீர்!