சேரமான் தோழர் வீடு திரும்பிய வழி

காவிரி வளநாட்டில் நண்பர்களோடு சேர்ந்து தல யாத்திரை செல்லாத குடும்பங்கள் குறைவு. சென்ற இடங்களின் சிறப்பைப் பலரும் பேசுவர். ஊர் திரும்பியதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆனால் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அத்திரும்புதலையும் கனிவோடு பாடியுள்ளார். சுந்தரமூர்த்தி நாயனாரும் சேரமான் பெருமாள் நாயனாரும் இணைந்து மேற்கொண்ட நெடும்பயணங்களே அதற்குச் சான்று.

சிலம்பொலி கூட்டிய நட்பு

சேரமான் பெருமாள் நாள்தோறும் பூசையின் முடிவில் தில்லைக் கூத்தனின் சிலம்பொலியைக் கேட்கும் பேறு பெற்றவர். ஒருநாள் அவ்வொலி தாமதமாயிற்று. தில்லையில் சுந்தரர் பாடிய பதிகத்தில் திருவுள்ளம் தோய்ந்திருந்ததே காரணம் என்று இறைவன் உணர்த்தினார். இறைவனையே தாமதிக்கச் செய்த அந்த அன்பரைக் காண விழைந்து சேரமான் புறப்பட்டார்; தில்லையை வணங்கித் திருவாரூரை அடைந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் வணங்கித் தழுவிக்கொண்டனர். அன்று முதல் சுந்தரருக்குச் 'சேரமான் தோழர்' என்ற பெயரும் வழங்கலாயிற்று. பரவையார் தம் இல்லத்தில் சேர மன்னரை அன்போடு விருந்தோம்பினார்.

பின்னர் இருவரும் கீழ்வேளூர், நாகைக்காரோணம், திருமறைக்காடு ஆகிய தலங்களை வணங்கிக் கோடிக்கரையை அடைந்தனர். துணை எவருமின்றிக் கடற்கரையில் இறைவன் தனித்திருப்பதைக் கண்டு சுந்தரர் உள்ளம் நொந்து பாடினார். தாம் நண்பரோடு இருக்கையில் இறைவன் தனித்திருப்பதை அவரால் பொறுக்க இயலவில்லை போலும்! மதுரை, திருப்பரங்குன்றம், குற்றாலம், நெல்லை, இராமேச்சுரம் ஆகிய தலங்களைத் தொழுது, திருச்சுழியல், கானப்பேர், திருப்புனவாயில் வழியாக மன்னார்குடிக்கு அருகிலுள்ள பாமணியை வணங்கி இருவரும் திருவாரூர் திரும்பினர்.

வழிவிட்ட காவிரி

சில காலம் சென்றபின், தம் நாட்டுக்கு எழுந்தருள வேண்டும் என்று சேரமான் சுந்தரரை வேண்டினார். பரவையாரின் இசைவு பெற்று, சுந்தரர் காவிரித் தென்கரை வழியே மேற்கு நோக்கி நண்பரோடு நடந்தார். கண்டியூரை வணங்கி வெளியே வந்தபோது, வடகரையில் திருவையாறு எதிரே தோன்றிற்று. அங்குச் சென்று தொழ வேண்டும் என்று சேரமானின் உள்ளம் உருகியது. ஆற்றிலோ இருகரையும் புரளும் வெள்ளம்.

சுந்தரர் ஐயாறப்பரை அழைத்துப் பதிகம் பாடினார். மேல்புறத்து நீர் பளிங்குமலை போல் நின்றது. இடையில் மணல்வழி தோன்றிற்று. இது தங்கள் செயல் என்று சேரமான் சுந்தரரைப் பணிந்தார். இது இறைவன் உமக்காக அளித்ததன்றோ என்று சுந்தரர் அவரைப் போற்றினார். பெருமையைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் மற்றவர்க்கு விட்டுக்கொடுத்த நட்பு அது. இன்று தஞ்சையிலிருந்து திருவையாறு செல்வோர் குடமுருட்டியையும் காவிரியையும் பாலங்களின் வழியே சில நிமிடங்களில் கடந்துவிடுகின்றனர். கண்டியூரில் சற்றே நின்று, அந்த இருவரையும் நினைந்தபின் ஆற்றைக் கடப்பது நன்று.

ஆரூர் அழைத்தது

சேர நாட்டுத் தலைநகராகிய கொடுங்கோளூரில் சுந்தரருக்கு எக்குறையும் இல்லை. எனினும் திருவாரூர்ப் பெருமானின் நினைவு அவரை வாட்டியது. அப்பிரிவைத் தாங்காது பதிகம் பாடி அவர் புறப்பட்டபோது, சேரமான் உடன் நடந்து வந்து தம் நெஞ்சைத் திறந்தார். தங்கள் திருவடிகளே எனக்கு மண்ணும் விண்ணும் ஆளும் ஆட்சி. ஆயினும் திருவாரூர்மீது தாங்கள் கொண்ட காதலைத் தடுக்கவும் அஞ்சுகிறேன் என்னும் கருத்துப்பட அவர் பேசினார். இருத்திக்கொள்ள விரும்புவதும் அன்புதான். அவ்விருப்பத்தை அடக்கி விடைகொடுப்பது அதனினும் பெரிய அன்பு.

சேரமான் பெரும்பொருளை ஆட்கள்மேல் சுமத்தி அனுப்பினார். அவிநாசிக்கு அருகிலுள்ள திருமுருகன்பூண்டியில் வேடர்கள் அவை அனைத்தையும் பறித்துக்கொண்டனர். வந்தவை வேடர் உருக்கொண்ட சிவபூதங்கள்! தாம் கொடுக்கவன்றித் தம் தோழர் பிறரிடம் பொருள் பெறலாகாது என்பது இறைவனின் திருவுள்ளம். வழிப்பறி நடக்கும் இவ்வூரில் நீர் எதற்காக இருக்கிறீர் என்று சுந்தரர் உரிமையோடு பாட, பறித்த பொருள் முழுவதும் கோயில் வாயிலில் வந்து குவிந்தது. நண்பர் தந்த பரிசு இறைவன் தந்த அருளாக மாறி, அவரோடு திருவாரூர் வந்து சேர்ந்தது.

வீடு என்னும் சொல்

தமிழில் இல்லத்துக்கும் வீடு என்றே பெயர். முத்திக்கும் வீடு என்றே பெயர். சுந்தரர் மண்ணுலகுக்கு வருமுன் கயிலையில் தொண்டு புரிந்த ஆலாலசுந்தரர். மீண்டும் ஒருமுறை சேர நாடு சென்றிருந்தபோது, திருவஞ்சைக்களத்தில் வெள்ளை யானை வந்து அவரை அழைத்தது. செல்லும்போது அவர் தம் தோழரை நினைந்தார். அதை உணர்ந்த சேரமான், தம் குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓதி, விண்வழியே அவரோடு சென்றார். அழையாமல் வந்தது ஏன் என்று இறைவன் வினவ, சேரமான் தாம் இயற்றிய திருக்கயிலாய ஞான உலாவைக் கேட்டருள வேண்டினார். இருவரும் கயிலையிலேயே நிலைபெற்றனர். முன்பு விடைகொடுத்துத் தனித்து நின்ற தோழருக்கு, இம்முறை பிரிவே இல்லை.

காவிரியில் புதுநீர் பாயும் ஆடித் திங்களில், சுவாதி நாளில் இவ்விருவருக்கும் குருபூசை நடைபெறுகிறது. அந்நாளில் நண்பர்கள் கூடிச் சிவாலயம் சென்று, ஒருவருக்காக மற்றவர் வேண்டிக்கொண்டு இல்லம் திரும்பினால், அதுவே நிறைவான யாத்திரை.