பாலூட்டுதல்

குழந்தைக்குத் தாய் பால் கொடுப்பதைப் 'பாலூட்டுதல்' என்கிறோம். இந்தச் சொல் எப்படி வந்தது?

'உண்' என்றால் சாப்பிடு. 'ஊட்டு' என்றால் சாப்பிடச் செய். 'உண்' என்ற சொல்லிலிருந்து 'ஊட்டு' பிறந்தது. குட்டிக்குப் பால் கொடுக்கும் உயிர்களுக்குப் பாலூட்டி என்று பெயர். பசுவும் யானையும் பாலூட்டிகள். மனிதரும் அப்படியே.

தில்லி ஜனக்புரியில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அங்கே அக்கம்பக்கத்தில் பேசுவது இந்தி. இந்தியில் இதைத் 'தூத் பிலானா' என்பார்கள். பாலைக் குடிக்கச் செய்வது என்று பொருள். அவர்கள் சொல் குடிப்பதைச் சொல்கிறது. நம் சொல் உண்பதைச் சொல்கிறது.

இரண்டும் சரிதான். தாய்ப்பால் உணவு, தண்ணீரும் அதுவே. தாய்ப்பாலில் பெரும்பகுதி நீர்தான். ஆகவே முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். தில்லியின் மே மாத வெயிலிலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம். தண்ணீரில் கிருமி இருந்தால் வயிற்றுப்போக்கு வரும். பிள்ளை பால் குடிப்பதும் குறைந்துவிடும்.

பிறந்த 1 மணி நேரத்துக்குள் பாலூட்டுங்கள். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ சேனை வைக்காதீர்கள். முதலில் ஊறும் மஞ்சள் நிறப் பாலுக்குச் சீம்பால் என்று பெயர். அதைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். அது பிள்ளையை நோயிலிருந்து காக்கும்.