தசை தளர்வதற்கும் எரிபொருள் வேண்டும்

எலும்போடு சேர்ந்த தசைக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: இழுப்பது. தள்ளத் தெரியாது. நீங்கள் கதவைத் தள்ளும்போதுகூட உள்ளே நடப்பது இழுப்புதான். மேல்கையின் பின்பக்கத் தசை முழங்கை எலும்பை இழுக்கிறது, கை நீள்கிறது. மடக்குவது முன்பக்கத் தசை. ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்கணும். இந்த 'விடுவது' எப்படி நடக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் அமைப்பு. வெந்த ஆட்டுக்கறி நார் நாராகப் பிரியும் இல்லையா? அந்த நார் ஒவ்வொன்றும் தசை இழைகளின் கட்டு. ஒரு இழை என்பது ஒரே ஒரு செல். தலைமுடி அளவு மெல்லியது, ஆனால் பல சென்டிமீட்டர் நீளம் இருக்கலாம். அதற்குள் நுண்ணிழைகள். ஒவ்வொரு நுண்ணிழையிலும் ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். இந்த அறைக்குப் பெயர் சார்கோமியர். நீளம் சுமார் 2.5 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு சென்டிமீட்டருக்குள் சுமார் 4000 பெட்டிகள்.

ஒவ்வொரு பெட்டியிலும் மெல்லிய ஆக்டின் இழைகளும் தடித்த மயோசின் இழைகளும் இருக்கின்றன. தசை சுருங்கும்போது இந்த இழைகள் சுருங்குவதில்லை. ஒன்றை ஒன்று உரசிச் சறுக்குகின்றன. 1954ல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியாகக் கண்டு, நேச்சர் இதழில் ஒன்றாக வெளியிட்டன. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரோல்ஃப் நீடர்கெர்கே; மற்றதில் ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன். ஹக்ஸ்லிகள் இருவரும் உறவினர்கள் இல்லை!

சறுக்க வைப்பது மயோசினின் தலைகள். கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைச்சுக்கோங்க. ஒரு கை கயிற்றைப் பிடித்து இழுக்கும், விடும், தள்ளிப் போய் மறுபடி பிடிக்கும். மயோசின் தலையும் அப்படித்தான். ஒரு இழுப்புக்குச் சுமார் 10 நானோமீட்டர். நரம்பின் கட்டளை வந்ததும் இழைக்குள் வெளிவரும் கால்சியம், ஆக்டினில் பிடிக்க இடம் திறந்துவிடுகிறது.

இப்போ விஷயத்துக்கு வருவோம். பிடித்த தலை தானாக விடாது. ஏடிபி மூலக்கூறு ஒன்று வந்து ஒட்டினால்தான் விடும். அந்த ஏடிபி உடைந்து தரும் ஆற்றலில்தான் தலை அடுத்த இழுப்புக்கு நிமிர்கிறது. வேலை முடிந்ததும் கால்சியத்தைத் திரும்பப் பைக்குள் ஏற்றும் பம்புக்கும் ஏடிபிதான். சுவிட்சை அணைத்தால் போதும், தசை தளர்ந்துவிடும் என்பது சரியில்லை.

கைவசம் இருக்கும் ஏடிபி, முழு வேகத்தில் ஓடினால் சில நொடிகளுக்குத்தான் வரும். உடல் அதைப் புதுசாகத் தயாரித்துக்கொண்டே இருக்கணும். உயிர் போனால் அந்தத் தயாரிப்பு நின்றுபோகும். கால்சியம் கசியும், தலைகள் பிடிக்கும், விடுவிக்க ஏடிபி இருக்காது. சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும். இறந்தவரின் கை கால்களைச் சீக்கிரமே நீட்டி, தாடையைத் துணியால் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுகிறார்களே, தாமதித்தால் அதெல்லாம் கஷ்டம். ஓரிரு நாளில் விறைப்பு போவதற்குக் காரணம் புரதங்கள் சிதைவது. தசை தளர்வது அல்ல.

ராத்திரி கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிப்பதை இதோடு குழப்பிக்க வேண்டாம். அங்கே ஏடிபி தீரவில்லை. பெரும்பாலும் நரம்புதான் கட்டளையை நிறுத்தாமல் அனுப்புகிறது. காலை நீட்டி, பாதத்தை முட்டியை நோக்கி மடக்கினால் பிடிப்பு விடும். ஏன் என்பதை இன்னொரு பதிவில் பார்க்கலாம்.