மாம்பழமே இல்லாத மாம்பழ வாசனை

உங்கள் பென்சில் பெட்டியில் ஹைலைட்டர் பேனா இருக்கிறதா? எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதே அளவில், அதே பளிச்சென்ற நிறத்தில் ஒரு குழல் வருகிறது. இழுத்தால் மாம்பழ வாசனை. உள்ளே ஒரு சொட்டு மாம்பழச் சாறுகூடக் கிடையாது. அதுதான் இ-சிகரெட், பிள்ளைகள் பேச்சில் 'வேப்'.

குழலுக்குள் ஒரு பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், கொஞ்சம் திரவம். வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் போலச் சுருள் சூடாகித் திரவத்தைப் புகைமூட்டமாக்குகிறது. 'வெறும் ஆவிதானே' என்பார்கள். அது தண்ணீர் ஆவி இல்லை. நாடக மேடையில் பனிமூட்டம் எழுப்பப் பயன்படும் புரோப்பிலீன் கிளைகோல், கிளிசரின், வாசனை ரசாயனங்கள், பெரும்பாலும் நிகோட்டின் (புகையிலையில் இருக்கும், அடிமையாக்கும் பொருள்), சூடான சுருளிலிருந்து கிளம்பும் நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களின் நுண்துகள்கள் எல்லாம் அதில் இருக்கும்.

2022 நவம்பரில் பெங்களூருவில் சில பள்ளிகளில் புத்தகப் பைகளைச் சோதித்தபோது சிகரெட்டும் லைட்டரும் கிடைத்தன. ஊரே அதிர்ந்தது. 'இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்' என்றார்கள் பெரியவர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதின்மூன்று வயதில் கை ஏன் சிகரெட், வேப் பக்கம் நீளுகிறது என்று உடம்பைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

முதன்முதலில் புகையை இழுப்பவருக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வரும். அந்த இருமல் நம் வாசல் காவலர். நிகோட்டினுக்கு இயல்பிலேயே காரத்தன்மை உண்டு. அது தொண்டையைச் சுடும். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு என்று வேதியியல் பாடத்தில் வருமே, அதைத்தான் வேப் தயாரிப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்து நிகோட்டினை உப்பாக்கினால் எரிச்சல் அடங்கிவிடும். மேலே மாம்பழம், புதினா வாசனை. காவலர் அசந்திருக்கும்போது நிறைய நிகோட்டின் உள்ளே போய்விடுகிறது. நீங்கள் படிக்கும் அதே பாடத்தை வைத்து உங்களையே ஏமாற்றுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

சரி, முதல் இழுப்புக்கே ஏன் போகிறார்கள்? பெரும்பாலும் ஒரு நண்பன் நீட்டுகிறான், நாலு பேர் பார்க்கிறார்கள். 2005இல் அமெரிக்காவின் லாரன்ஸ் ஸ்டெய்ன்பர்க், மார்கோ கார்ட்னர் என்ற இரு உளவியலாளர்கள் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்துச் சோதித்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறார்கள் என்பதுதான் கணக்கு. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது தனியாக ஓட்டியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றமே இல்லை. நண்பர் பார்க்கிறார் என்றாலே இந்த வயதில் மூளையின் மகிழ்ச்சிப் பகுதி கூடுதலாகச் சுறுசுறுப்பாகிறது என்பது பின்னால் தெரிந்தது. மேடையேறிப் பேசவும், விழுந்து விழுந்து சைக்கிள் பழகவும் துணிச்சல் தருவதும் இதே மூளைதான்.

உள்ளே போன நிகோட்டின் சில விநாடிகளில் மூளைக்கு ஏறிவிடும். கவனிக்கவும் நினைவில் வைக்கவும் உதவும் அசிட்டைல்கோலின் என்ற பொருளுக்கென்று அங்கே பூட்டுகள் உண்டு. நிகோட்டின் அந்தப் பூட்டுக்கான கள்ளச்சாவி. மூளை ஏறக்குறைய 25 வயதுவரை வளர்கிறது. இளம் மூளை எதையும் சட்டென்று கற்கும். அடிமைப் பழக்கத்தையும் அப்படியே கற்றுக்கொள்ளும். பிறகு சாவி கிடைக்காத நாளில் எரிச்சல், படபடப்பு, பாடத்தில் மனம் நிற்காது.

கர்நாடகம் 2016இலேயே இ-சிகரெட்டைத் தடை செய்தது. நாடு முழுக்க 2019இல் தடை வந்தது. தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ஆனாலும் திருட்டுத்தனமாக விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இதைப் படிப்பவரில் யாராவது ஏற்கெனவே இழுத்துப் பார்த்திருக்கலாம். அவர் கெட்ட பிள்ளை இல்லை. விட முடியவில்லையா? வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். இல்லாவிட்டால் 1800-11-2356க்குப் பேசுங்கள். புகையிலைப் பழக்கத்தை விட உதவும் எண் அது. பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும் அதற்கான மையம் இயங்குகிறது. அந்த எண்ணில் பேசக் கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.