மாடிக் குடிலின் புழுக்கம்

வண்ணார்பேட்டையில் மொட்டைமாடிக் குடில் அமைத்துச் செடி வளர்ப்போர், அக்கினி நட்சத்திர நாள்களில் வெப்பம் தணிய நண்பகலில் நீர் தெளிப்பதுண்டு. காற்றோட்டம் இருந்தால் அது பயன் தரும். பக்கங்களைப் பாலித்தீன் தாளால் அடைத்திருந்தால் புழுக்கமே மிகும். செடி இலைவழியே நீரை ஆவியாக்கிக் குளிர்கிறது. நமக்கு வியர்வை உலர வேண்டும். ஈரம் நிறைந்த காற்றில் இரண்டும் தடைப்படும். எனவே பக்கத் தாளைச் சுருட்டி, கூரையருகே வெப்பக்காற்று வெளியேற வழி விடுங்கள்; விடியற்காலையில் வேரடியில் நீர் ஊற்றுங்கள். நண்பகலில் வாடிய கத்தரி பெரும்பாலும் மாலையில் தானே நிமிரும்; அதற்காக நோயாளி வெயிலில் மாடியேற வேண்டியதில்லை.

முதியோரும், சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோரும் வெயில் ஏறியபின் குடிலுக்குள் செல்லலாகாது. இதய, சிறுநீரக நோயாளிகள் பருகும் நீரின் அளவை மருத்துவரிடமே கேட்டறிக. தலைசுற்றல், குமட்டல் தோன்றினால் நிழலுக்கு அழைத்து வந்து, ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறுங்கள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.